அரசு உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கையும் மாணவர் ஆதரவும்: பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குமான முழு வழிகாட்டி

ஊர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எந்தப் பாடத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை பாடவேளை போகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. "எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் தேவை" என்ற ஒற்றை வரி மனுக்கள் மாவட்ட அலுவலகத்தில் குவிந்து கிடக்கின்றன. கணக்கோடு போகிற மனுவுக்கு யாராவது ஒருவர் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, பிறகு என்ன செய்வது என்பதே இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை உள்ள அரசு உயர்நிலைப்பள்ளியை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மேல்நிலைப்பள்ளியிலும் 6 முதல் 10 வரையிலான பகுதிக்கு இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஆசிரியர் எண்ணிக்கையையும் மாணவர் நலனையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். உயர்நிலைப்பள்ளியின் பணியிடப் பட்டியலில் முழுநேர ஆலோசகர் கிடையாது. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, அழுதுகொண்டு நிற்கும் மாணவியை உட்கார வைத்துக் கேட்பது எல்லாமே பாடம் எடுக்கும் அதே ஐந்தாறு பேரின் வேலை. ஓர் ஆசிரியர் இல்லாமல் போனால் அவருடைய பாடத்தோடு சேர்ந்து இந்தக் கவனிப்பும் போய்விடுகிறது.

முதல் படி: நான்கு எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்

தலைமையாசிரியரிடம் கேட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு விவரங்களை ஒரு தாளில் வாங்குங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், இன்று உண்மையில் பள்ளிக்கு வருபவர், தற்காலிகமாகப் பாடம் எடுப்பவர்.

இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கும். மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போன ஆசிரியரின் சம்பளம் இந்தப் பள்ளியிலிருந்தே போகும். பள்ளி, ஆசிரியர், மாணவர் விவரங்களைக் கல்வித்துறை பதிந்துவைக்கும் எமிஸ் (EMIS) தளத்தில் அந்தப் பணியிடம் நிரம்பியதாகவே தெரியும். நீண்ட மருத்துவ விடுப்பிலும் மகப்பேறு விடுப்பிலும் இதே நிலைதான். திருமணமான அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அது அவர்களின் உரிமை. அதில் யாரும் குறை காண முடியாது. அந்த ஓர் ஆண்டுக்கு மாற்று ஆள் தராததுதான் குறை. அதனால் உங்கள் மனுவில் "காலிப் பணியிடம்" என்று மட்டும் எழுதினால், "காலி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். "பணியிடம் நிரம்பியுள்ளது, ஆனால் இந்தத் தேதியிலிருந்து ஆசிரியர் பள்ளியில் இல்லை" என்று எழுதுங்கள்.

பட்டியலில் விட்டுப்போகிறவர்களையும் சேர்க்க வேண்டும். ஓவியம், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்கு 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்கள் வாரத்துக்கு மூன்று அரை நாள் வருபவர்கள். அவர்களை முழு ஆசிரியராகக் கணக்கில் காட்டக் கூடாது. இளநிலை உதவியாளர் இல்லாவிட்டால் அந்த எழுத்து வேலை ஏதாவது ஓர் ஆசிரியர் தலையில் விழும். ஆய்வக உதவியாளர் பணியிடத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 10ஆம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. தேர்ச்சிக்கு எழுத்தில் 20ம் செய்முறையில் 15ம் வேண்டும். ஆய்வகம் பூட்டியே கிடக்கும் பள்ளியில், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகள் சோதனைக் குழாயையே கையில் எடுக்கிறார்கள்.

இரண்டாம் படி: கால அட்டவணையை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மாணவர்–ஆசிரியர் விகிதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

ஒரு பள்ளியில் 6ஆம் வகுப்பில் 32, 7இல் 36, 8இல் 41, 9இல் 46, 10இல் 45 என மொத்தம் 200 பேர். வகுப்புக்கு ஒரு பிரிவு, ஐந்து பிரிவுகள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பட்டதாரி ஆசிரியர், அவர்களோடு தலைமையாசிரியர். ஐந்து ஆசிரியருக்கு 200 பேர் என்றால் 40க்கு ஒருவர். தாளில் பார்க்க மோசமில்லை.

இப்போது பாடவேளையைப் பாருங்கள். நாளுக்கு 8 பாடவேளை, வாரம் 5 நாள் என்றால் ஒரு பிரிவுக்கு 40. முக்கியப் பாடம் ஒவ்வொன்றுக்கும் வாரம் 7 பாடவேளை என்று வைத்துக்கொண்டால், ஐந்து பிரிவுக்கும் சேர்த்து ஓர் ஆசிரியருக்கு 35. அவருக்கு மிஞ்சுவது வாரத்துக்கு ஐந்தே பாடவேளை. நோட்டுத் திருத்துவது, எமிஸ் பதிவேற்றம், பெற்றோரைச் சந்திப்பது, பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தருவது எல்லாவற்றுக்கும் அந்த ஐந்துதான்.

கணக்கு ஆசிரியர் ஜூலையில் மாறுதலாகிப் போய்விட்டார் என்று வையுங்கள். 35 பாடவேளை நடக்க வேண்டும். மற்ற நால்வரிடமும் மிச்சமிருப்பது ஐந்தைந்து, ஆக 20. அவர்கள் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்காமல் அத்தனையையும் கொடுத்தாலும் 15 பாடவேளை யாரும் இல்லாமல் நிற்கும். தலைமையாசிரியர் சிலவற்றை எடுப்பார். மிச்சத்துக்கு இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைப்பார்கள். கணக்கு போனது வெளியே தெரியும். மற்ற நான்கு பாடத்திலும் திருத்தம் நின்றுபோனதும், பிள்ளைகளிடம் பேச நேரமில்லாமல் போனதும் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் பள்ளிக்கு இதே கணக்கைப் போடுங்கள். பாட வாரியாகத் தேவையான பாடவேளை, நடந்த பாடவேளை, விட்டுப்போனது என்று மூன்று நெடுவரிசை போதும். நான்கு வாரத்துக்கு எழுதினால் மாதிரி தெளிவாகத் தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் இருந்து, ஆசிரியர் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் நடத்தினால் அதைத் தனியாகக் குறியுங்கள். அட்டவணையில் இரண்டு வகுப்பாக இருப்பது உண்மையில் ஒன்றாக நடக்கும் இடம் அது.

மூன்றாம் படி: எந்த விதியைச் சுட்டுவது

இங்கேதான் பல மனுக்கள் சறுக்குகின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைக்கானது; பள்ளியில் 8ஆம் வகுப்போடு அதன் எல்லை முடிகிறது. 6–8 வகுப்புகளுக்கு அதன் அட்டவணை சொல்வது: வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர்; அறிவியல்–கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும்; 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். மாணவர் 100க்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களும் வேண்டும்.

9, 10ஆம் வகுப்புகளுக்கு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் மாநில அரசின் பணியாளர் நிர்ணய ஆணைகளே அடிப்படை; 40 மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கு அங்கே. இரண்டையும் குழப்பி, 10ஆம் வகுப்புக்குக் கல்வி உரிமைச் சட்டத்தைச் சுட்டினால் அந்த ஒரு பிழையைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடலாம்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு பிரிவு உண்டு. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட மொத்தப் பணியிடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐந்து பட்டதாரி ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒரே ஓர் இடம் காலியானாலும் அது 20 விழுக்காடு. சிறிய பள்ளிக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது. 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அலுவலக வேலைக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டிருந்தால் இதைச் சுட்டலாம்.

நான்காம் படி: ஆகஸ்ட் 1ஐத் தவறவிடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எமிஸில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் உபரி என்று அறிவிக்கப்பட்டு, அந்தப் பாடத்தில் பணியில் இளையவர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஆசிரியர் போனால் அடுத்த ஜூனில் இன்னும் சில பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். எண்ணிக்கை மறுபடி குறையும். பல பள்ளிகள் இந்தச் சுழலில் மாட்டித்தான் சுருங்கின.

ஆகவே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பணியிடத்தைக் காப்பாற்றும் மாதங்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் 5ஆம் வகுப்பும், நடுநிலைப்பள்ளிகளில் 8ஆம் வகுப்பும் முடித்தவர்கள் பட்டியலை மே மாதமே வாங்குங்கள். யார் எங்கே சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். எங்கும் சேராத பிள்ளையின் பெயர் எமிஸ் பொதுத் தொகுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். பள்ளியில் சேர்ந்தும் பழைய பள்ளி விடுவிக்காததால் எமிஸில் ஏறாத பிள்ளையும் உண்டு. நேரில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நிர்ணயக் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை. ஜூலை கடைசி வாரம் வருகைப் பதிவேட்டையும் எமிஸையும் வகுப்பு வகுப்பாக ஒப்பிடச் சொல்லுங்கள்.

வராத பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஆய்வில் தெரிந்தால் தலைமையாசிரியர் மாட்டுவார். உண்மையான கோரிக்கைக்கும் மதிப்பு போய்விடும்.

ஐந்தாம் படி: தீர்மானமும் மனுவும்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். மூன்றாண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் சட்டப்படியான வேலை. ஆசிரியர் தேவையை அந்தத் திட்டத்தில் எழுதி, மாதக் கூட்டத்தில் தீர்மானமாக்கி, பெற்றோர் செயலியில் பதிவேற்றச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் பேசியது எங்கும் நிற்காது. தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

"இப்பள்ளியின் கணக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் … தேதி முதல் காலியாக உள்ளது. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை வாரம் 35 கணக்குப் பாடவேளைகளில் … மட்டுமே நடைபெறுகின்றன. அனுமதிக்கப்பட்ட 5 பணியிடங்களில் ஒன்று காலி என்பதால் காலியிடம் 20 விழுக்காடு. நிரந்தர நியமனம் வரும்வரை தற்காலிக ஆசிரியருக்கு அனுமதி வழங்கவும், அடுத்த கலந்தாய்வில் இப்பணியிடத்தைக் காலியிடப் பட்டியலில் சேர்க்கவும் கோரித் தீர்மானிக்கப்படுகிறது."

கடைசி வரி முக்கியம். மாறுதல் கலந்தாய்வில் காட்டப்படாத காலியிடத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. காட்டியும் யாரும் எடுக்கவில்லை என்றால், ஊருக்குப் பேருந்து வசதி இல்லாதது போன்ற வேறு காரணம் இருக்கும். அதைத் தனி மனுவாகப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுங்கள்.

மனு போக வேண்டிய வரிசை: தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை), அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர், அதன் பிறகு பள்ளிக் கல்வி இயக்குநர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதியலாம். மாதம் ஒன்றாகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் ஆசிரியர் போடவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் ஆகாது. இந்தப் பள்ளியின் பாட வாரியான அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலியான தேதி, மாற்றுப்பணி ஆணையின் நகல், கடைசி நிர்ணயத்தில் பதிவான மாணவர் எண்ணிக்கை என்று ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்.

தற்காலிக ஆசிரியரைப் பற்றி ஒரு சொல். 2022இல் மேலாண்மைக் குழு வழியாக நியமிக்க அரசு அனுமதி தந்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். பிறகு அது 15,000 ஆனது. அரசின் அனுமதியும் நிதி ஒதுக்கீடும் கையில் வருமுன் ஆளை வேலைக்குச் சேர்க்காதீர்கள். சம்பளம் மாதக்கணக்கில் தங்கி, அவர் பாதி ஆண்டில் நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது அடி. பாடத்துக்குரிய பட்டமும் பி.எட்.டும் ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் பாருங்கள்; உறுப்பினரின் உறவினர் என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் கையெழுத்திடாமல் விலகியிருக்கட்டும்.

ஆறாம் படி: ஆதரவு வேலைக்குப் பெயரும் நேரமும் கொடுங்கள்

பள்ளியில் எல்லோரும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், ஒருவரும் ஒரு பிள்ளையையும் பார்ப்பதில்லை என்று ஆகிவிடும். 200 மாணவர், தலைமையாசிரியரோடு ஆறு பேர் என்றால் ஆளுக்கு 33 பேர். பெயர்ப் பட்டியலைப் பிரித்து ஒட்டுங்கள். அந்த 33 பேரின் வருகை, வீட்டுச் சூழல், உதவித்தொகை மூன்றையும் கவனிப்பது அவர் பொறுப்பு. அதற்காக வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே எழுதுங்கள்.

வருகைக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை: தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் போன், ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மாணவர் வழியாகவோ குழு உறுப்பினர் வழியாகவோ விசாரிப்பு, பத்தாம் நாளுக்குள் வீட்டுக்கு நேரில். வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லது கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் அன்றே குழந்தைகள் உதவி எண் 1098. திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை, திருவிழாவுக்குப் பிறகு திரும்பாத பிள்ளை, அறுவடைக் காலத்தில் காணாமல் போகும் பிள்ளை ஆகிய மூவருக்கும் தேவைப்படும் உதவி வேறுவேறு. பதிவேட்டில் காரணத்தையும் எழுதினால்தான் அது பிடிபடும்.

6ஆம் வகுப்பில் புதிதாக வருகிறவர்களைத் தனியாகக் கவனியுங்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைக்கானது. ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் மதிய உணவுவரை வெறும் வயிற்றோடு இருக்கலாம். இரண்டாம் பாடவேளையில் தலை சாய்க்கும் பிள்ளையிடம் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. அங்கே எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. கழிப்பறைக்கோ நூலகத்துக்கோ போகும் வழியில் மாட்டுங்கள். திறக்கும் நாளை நிர்ணயித்து, இரண்டு பேர் சேர்ந்து திறந்து, தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று தேடும் வேலை கூடவே கூடாது. ஒருமுறை நடந்தால் அந்தப் பெட்டி செத்துவிடும்.

பாலியல் தொந்தரவு என்று ஒரு வரி வந்தாலும் பள்ளி தானாக விசாரணை நடத்தக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உடனே காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை; நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பெயர் வெளியே போகக் கூடாது. 1098 இதற்கும் உதவும். மனஉளைச்சலுக்கு 14416, தேர்வுப் பயம், மேற்படிப்புச் சந்தேகங்களுக்கு 14417. இந்த மூன்று எண்களையும் வகுப்பறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். தாளில் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

மாற்றுத்திறன் மாணவருக்கும் கற்றல் குறைபாடு உள்ளவருக்கும் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இதற்கு மருத்துவச் சான்று வேண்டும். 10ஆம் வகுப்பு டிசம்பரில் ஓடினால் கிடைக்காது; 9ஆம் வகுப்பிலேயே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கைக்கு வரவேண்டிய பணம்

8ஆம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு: குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம், தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய். 9ஆம் வகுப்பில் ஊரக மாணவர்களுக்கான திறனாய்வுத் தேர்வு, ஆண்டுக்கு 1,000 ரூபாய். சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு நிதி. கடைசியாகச் சொன்னது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது; துக்கத்தில் இருக்கும் வீடு தானாக வந்து கேட்காது, வகுப்பாசிரியர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தேர்வில் ஜெயித்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் முதலெழுத்துதான் காரணம். எமிஸில் "கா. செல்வி", ஆதாரில் "செல்வி காத்தவராயன்", வங்கியில் வெறும் "செல்வி" என்றிருந்தால் பணம் திரும்பிப் போகும். 8ஆம் வகுப்புத் தொடக்கத்திலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா, பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்காததால் 10ஆம் வகுப்பில் உதவித்தொகையை இழப்பவர்களும் உண்டு.

6ஆம் வகுப்பில் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்ல வேண்டிய ஒன்று: மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும்.

ஆசிரியர் வந்த பிறகு

புதிய ஆசிரியர் பணியேற்ற வாரமே கால அட்டவணையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மற்ற நால்வரும் தூக்கிச் சுமந்த கூடுதல் பாடவேளைகள் அவர்களுக்குத் திரும்பி வர வேண்டும். விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யக் கணக்கு ஆசிரியருக்கு முதல் இரண்டு மாதம் கூடுதல் நேரம் தேவைப்படும். ஆனால் உடற்கல்விப் பாடவேளையில் கை வைக்காதீர்கள். மற்ற ஆசிரியர்களுக்குத் திரும்பிய ஐந்தைந்து பாடவேளையில் ஒன்றை, அவரவர் 33 பேருக்கான நேரம் என்று பெயர் போட்டு அட்டவணையில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வாரமே ஏதாவது ஒரு பதிவேற்றம் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும்.